அரை ஏக்கர் இடத்துக்கு எழுபது ஏக்கர் காவல் ஏன்? போர்ட் லூயி துறைமுகக் கிடங்குகள் பற்றி ஒரு விளக்கம்

மொரீஷியஸின் தலைநகரான போர்ட் லூயியின் துறைமுகத்தை ஒட்டி ஒரு உயரமான கட்டடம், ஒரு வண்டி நிறுத்துமிடம், ஒரு புதுச் சாலை என்று எந்தத் திட்டம் பேச்சுக்கு வந்தாலும், "யுனெஸ்கோ இதற்கு என்ன சொல்லும்?" என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறங்கிய பழைய குடியேற்ற டிப்போவான ஆப்ரவாசி காட் 2006 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம், சரி. ஆனால் அதன் பரப்பு 0.164 ஹெக்டேர்தான், அரை ஏக்கர்கூடத் தேறாது. அதைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம் என்று குறித்திருப்பதோ 28.9 ஹெக்டேர், ஏறக்குறைய 71 ஏக்கர். பழைய கல் கிடங்குகள், தானியக் களஞ்சியம், பிரெஞ்சுக்காரர் காலத்து மருத்துவமனை என்று எல்லாம் அந்தக் கோட்டுக்குள் வருகின்றன.

உள்ளே கடை வைத்திருப்பவருக்கு எரிச்சல் வருவது நியாயம்தான். முன்னோர் வந்து இறங்கிய படிக்கட்டைக் காப்பாற்ற வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதற்காக நூறு கெஜம் தள்ளியிருக்கும் என் கூரைத் தகரத்தை ஏன் அளக்கிறீர்கள் என்று அவர் கேட்கிறார். இதற்குப் பதில் வேண்டுமென்றால் அந்தக் கிடங்குகள் எங்கே, எதற்காக, எப்படிக் கட்டப்பட்டன என்று பார்க்க வேண்டும். பார்த்தால், படிக்கட்டும் கிடங்கும் தனித்தனிக் கதை இல்லை என்பது தெரியும்.

இந்த மூலையில் ஏன் துறைமுகம்?

மொரீஷியஸில் ஆண்டின் பெரும்பகுதி காற்று தென்கிழக்கிலிருந்து வீசும். டச்சுக்காரர்கள் முதலில் குடியேறியது அந்தக் காற்று நேரே அடிக்கும் தென்கிழக்குக் கரையில். பாய்மரக் கப்பல் உள்ளே வருவது எளிது, வெளியே போவதுதான் பெரும்பாடு. அவர்கள் 1710-இல் தீவை விட்டுப் போனார்கள். பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர்கள் மலை மறைப்பு உள்ள வடமேற்குக் கரைக்கு மாறினார்கள். 1735-இல் ஆளுநராக வந்த மாஹே தெ லா பூர்தொனே அங்கேதான் தலைநகரையும் கடற்படைத் தளத்தையும் அமைத்தார்.

அந்தத் துறைமுகத்துக்குள்ளேயே காற்றுக்கும் அலைக்கும் இன்னும் ஒதுங்கிய ஒரு சிறு மடு இருந்தது. அதன் பெயர் துரூ ஃபான்ஃபரோன். கப்பல் பழுதுபார்க்கவும், புயல்காலத்தில் ஒதுக்கி நிறுத்தவும், சரக்கு இறக்கவும் தோதான இடம். நம் கதையில் வரும் கட்டடங்கள் பெரும்பாலும் இந்த மடுவைச் சுற்றியவை.

கட்டியவர்கள்

லா பூர்தொனே புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் கல்வேலைக்காரர்களையும் வரவழைத்தார். நகரின் கிழக்கு ஓரத்தில் அவர்கள் குடியிருந்த பகுதிக்கு மலபார் முகாம் என்று பெயர். பிரெஞ்சுக்காரருக்கு அப்போது தமிழர் எல்லாரும் மலபார்தான். ஒப்பந்தக் கூலி முறை தொடங்க இன்னும் நூறு ஆண்டு இருக்கிறது. அதாவது இந்தத் துறைமுகத்தில் தமிழர் கை முதலில் பட்டது கரும்பில் அல்ல, சுண்ணாம்பில். அவர்களோடு சேர்ந்து, அவர்களைவிட அதிக எண்ணிக்கையில், ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள் உழைத்தார்கள். அடிமையாக வந்த இந்தியரும் உண்டு. இந்தப் பகுதியை எழுதும் பலர் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். 1740 வாக்கில் எழுந்த இராணுவ மருத்துவமனையின் சுவர்கள் அவர்களுடைய உழைப்புக்கும் சாட்சி. அந்தக் கட்டடம்தான் 2023 முதல் அடிமை முறை பற்றிய அருங்காட்சியகமாக இயங்குகிறது. அதுவும் துரூ ஃபான்ஃபரோனுக்குப் பக்கத்தில், அதே பாதுகாப்பு வளையத்துக்குள்தான் இருக்கிறது.

தமிழ்க் கொத்தனார்கள் கொண்டுவந்த தொழில்நுட்பங்களில் முக்கியமானது தட்டைக் கூரை. மர உத்தரங்களின் மேல் செங்கல் பரப்பி, அதன் மேல் சுண்ணாம்புக் காரையைப் போட்டு நாள்கணக்கில் அடித்து இறுக்குவது. மொரீஷியஸிலும் பக்கத்துத் தீவான ரீயூனியனிலும் இதை அர்காமாஸ் என்பார்கள். சென்னையில் மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

சுவருக்குக் கல் தீவிலேயே கிடைத்தது. எரிமலைத் தீவு என்பதால் எங்கே தோண்டினாலும் கறுப்புப் பாசால்ட். சுண்ணாம்புக் கல்தான் கிடையாது. அதனால் கடலிலிருந்து பவளப்பாறையை வெட்டி எடுத்து, சூளையில் சுட்டு, சுண்ணாம்பாக்கினார்கள்.

1816-இல் நடந்த பெருந்தீ நகரின் பெரும்பகுதியை அழித்தது. அதற்கு முன் நகரில் மரக் கட்டடங்களே மிகுதி. அதன் பிறகு நகரம் கல்லுக்கு மாறியது. பிரிட்டிஷார் 1810-இல் தீவைப் பிடித்துவிட்டார்கள் என்பதால், இன்று நாம் பிரெஞ்சுக் கட்டடம் என்று சொல்லும் பலவும் உண்மையில் பிரிட்டிஷ் ஆட்சியில் பிரெஞ்சு வழக்கப்படி கட்டப்பட்டவை.

சர்க்கரை எல்லாவற்றையும் பெருக்கியது

1825-இல் பிரிட்டன் மொரீஷியஸ் சர்க்கரைக்கான இறக்குமதி வரியை மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்குச் சமமாகக் குறைத்தது. அந்த ஒரு முடிவின் விளைவு: ஆண்டுக்குப் பத்தாயிரம் டன் அளவில் இருந்த உற்பத்தி 1850களில் ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது.

பத்து மடங்கு சர்க்கரை என்றால் பத்து மடங்கு மூட்டை. தொடக்கத்தில் சர்க்கரையைத் தாழை ஓலையில் முடைந்த பைகளில்தான் கட்டினார்கள். சணல் சாக்கு பின்னால் வந்தது. கடலோரத் தோட்டங்களிலிருந்து சிறு பாய்மரப் படகுகளிலும், உள்நாட்டிலிருந்து மாட்டு வண்டியிலும் கோவேறு கழுதை வண்டியிலும் மூட்டைகள் வந்தன. 1864-இல் இரயில் வந்தது. எந்த வழியில் வந்தாலும் வந்து சேரும் இடம் ஒன்றுதான், போர்ட் லூயி. அறுவடையும் ஆலை ஓட்டமும் ஆண்டின் இரண்டாம் பாதியில் நெருக்கியடித்து நடக்கும். கப்பல்கள் அப்படி வருவதில்லை. இந்த இடைவெளியை நிரப்பத்தான் கிடங்கு.

ஒரு கல் கிடங்கை எப்படிப் படிப்பது

வெளியிலிருந்து பார்த்தால் வெறும் நீளப் பெட்டி. ஆனால் அதன் ஒவ்வொரு கூறுக்கும் காரணம் உண்டு.

1. இரண்டு வாசல். நிலப்பக்கம் ஒன்று, நீர்ப்பக்கம் ஒன்று. வண்டியில் வரும் மூட்டை ஒரு பக்கம் நுழைந்து, மறுபக்கம் படகில் இறங்கும். எதிரெதிர் கதவுகளால் காற்றும் ஓடும்.

2. தடித்த சுவர். ஒரு முழத்துக்குக் குறையாத கல் சுவர், உள்ளேயுள்ள வெப்பநிலையைச் சட்டென்று ஏற விடாது. பழுப்புச் சர்க்கரை ஈரத்தை உறிஞ்சும் பொருள். வெப்பமும் ஈரமும் ஏறி இறங்கினால் மூட்டை கட்டி தட்டும், அல்லது பாகு கசியும்.

3. மூலைக்கல். சுவர் முழுவதையும் செதுக்கிய கல்லால் கட்டினால் கட்டுபடியாகாது, பாசால்ட் உளிக்கு அவ்வளவு எளிதில் பணியாது. ஆகவே மூலைகளுக்கும் கதவு, சன்னல் ஓரங்களுக்கும் மட்டும் செதுக்கிய கல். நடுவில் கிடைத்த கல்லைப் போட்டுச் சுண்ணாம்புக் காரையால் நிரப்பிவிடுவார்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் கிட்டப் போய்ப் பாருங்கள். மூலையில் உளித்தழும்பு வரிசை வரிசையாகத் தெரியும். நடுவில் உள்ள கல்லில் எரிமலைக் குழம்பு ஆறும்போது சிக்கிய காற்றுக் குமிழிகளின் துளைகள். சில துளைகளில் சுண்ணாம்பு ஏறி வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அந்தப் பிடிமானத்தால்தான் சுவர் நிற்கிறது.

4. சிறிய, உயரமான சன்னல். வெளிச்சத்துக்காக வைத்ததல்ல, சூடான காற்று வெளியேற வைத்தது. கம்பி திருடனுக்கு, கனத்த கதவு புயலுக்கு.

5. கூரை. மேலே சொன்ன தட்டைக் கூரை வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் பொருந்தும். அகலமான கிடங்குக்குச் சாய்வுக் கூரைதான் ஏற்றது. முதலில் மரச்சில்லு, பின்னால் நெளிதகரம். கிடங்கின் பலவீனமான உறுப்பும் இதுதான். 1892 ஏப்ரல் 29 அன்று வீசிய புயல் நகரத்தையே நொறுக்கியது. இன்று நிற்கும் பல கட்டடங்களில் சுவர் ஒரு காலத்தது, கூரை வேறொரு காலத்தது.

6. தாழ்ந்த கரை. கப்பல்கள் கிடங்கை ஒட்டி வந்து நிற்கவில்லை. துறைமுக நடுவில் நங்கூரமிட்டன. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே தட்டைப்படகுகள் ஓடின. போர்ட் லூயியில் ஓதமும் வற்றமும் அரை மீட்டர் அளவுதான் என்பதால் உயரமான கரைச்சுவர் தேவைப்படவில்லை. நாலைந்து படி இருந்தால் படகு வந்து அணைந்துவிடும்.

கடைசிப் புள்ளியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை இறங்கிப் போகும் படியைப் போன்ற ஒரு படியில்தான் மனிதர்கள் ஏறி வந்தார்கள்.

மனிதர்களுக்கான டிப்போ

1835 பிப்ரவரி 1 அன்று மொரீஷியஸில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அதற்குச் சில மாதம் முன்பே, 1834 நவம்பர் 2 அன்று, அட்லஸ் என்ற கப்பலில் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர் வந்துவிட்டார்கள். தோட்டக்காரர்களே நேரடியாக ஆள் பிடித்த முதல் சில ஆண்டுகளில் கொடுமைகள் மலிந்தன. இந்தியாவில் எதிர்ப்பு எழுந்து 1838-இல் ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டது. 1842-இல் அரசின் மேற்பார்வை என்ற நிபந்தனையோடு மீண்டும் அனுமதி கிடைத்தது. மேற்பார்வை என்றால் அதற்கு ஒரு கட்டடம் வேண்டும். அப்படி 1849-இல் துரூ ஃபான்ஃபரோன் கரையில் அமைந்ததுதான் குடியேற்ற டிப்போ, இன்றைய ஆப்ரவாசி காட்.

அங்கே ஏற்கெனவே இருந்த கட்டடங்களைத் தழுவியும் விரிவாக்கியும்தான் டிப்போ வளர்ந்தது. 1860களில் அது முழு உருவம் பெற்றது. இதன் அமைப்பைக் கிடங்கோடு ஒப்பிட்டால் ஒற்றுமை பளிச்சென்று தெரியும்:

1. நீர்ப்பக்கம் படி, நிலப்பக்கம் ஒற்றை வாசல். இடையில் மதில். யாரும் எண்ணாமல் நுழையவும் முடியாது, வெளியேறவும் முடியாது.

2. வந்தவருக்கு ஒரு எண். பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி, உயரம், உடலிலுள்ள தழும்பு என்று எல்லாம் பேரேட்டில் ஏறும். 1867-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்தவரும் புகைப்படம் ஒட்டிய சீட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும்.

3. தங்கல் குறுகியது. இரண்டு நாள் அளவில் மருத்துவச் சோதனையும் தோட்ட ஒதுக்கீடும் முடிந்து ஆட்கள் வெளியேறிவிடுவார்கள். ஒரே நேரத்தில் ஆயிரம் பேர்வரை தங்க இடமிருந்தது.

ஆனால் டிப்போவை வெறும் ஆள் கிடங்கு என்று சொல்லி முடித்துவிடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. சர்க்கரைக்குச் சமையற்கட்டு தேவையில்லை. இங்கே அகழ்ந்து கிடைத்தவற்றில் முக்கியமானவை சமையற்கட்டுகளும் கழிப்பறைகளும் மருத்துவமனைப் பகுதியும்தான். எல்லாம் கருணையில் கட்டியவை அல்ல. நோய் பரவினால் தோட்டம் நின்றுவிடும் என்ற கணக்கும், மறுபடி தடை வந்துவிடுமோ என்ற பயமும் அந்தச் சுவர்களில் இருக்கின்றன. என்றாலும் உள்ளே போனவர் மூட்டை அல்ல, கேள்வி கேட்கக்கூடிய ஆள் என்பதை அந்தக் கட்டடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. புகார் சொல்ல வந்த தொழிலாளர்களும், ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்தவர்களும் இதே வாசலுக்குத்தான் வந்தார்கள்.

இந்த முறையில் வந்த இந்தியர் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். அதில் மூன்றில் ஒரு பங்கு அளவு சென்னை மாகாணத்திலிருந்து. அந்தப் பேரேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன; 2015-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றன. இன்று தாத்தாவின் ஊர்ப்பெயரைத் தேடிப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு, பிரெஞ்சு, ஆங்கில எழுத்துக்கூட்டில் சிதைந்துபோன தமிழ்ப் பெயர்களை அடையாளம் காண்பதே பாதி வேலை.

அரிசிக்கு ஒரு கான்கிரீட் பெட்டி

தீவு கரும்பை விளைவித்துச் சோற்றை இறக்குமதி செய்தது. வந்தவர்கள் அரிசி உண்பவர்கள். அரிசியோ வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் வர வேண்டும். தானியக் கிடங்கு என்றால் எலி. 1899-இல் போர்ட் லூயியில் பிளேக் வந்தது. அதன் பின் தானியத்தை எங்கே, எப்படி வைப்பது என்பது சுகாதாரப் பிரச்சினையாகவும் ஆனது. ஆப்ரவாசி காட்டுக்கு அருகே நிற்கும் தானியக் களஞ்சியம் 20-ஆம் நூற்றாண்டில் எழுந்த கான்கிரீட் கட்டடம். கல்லும் மரமும் தகரமும் சேர்ந்த பழைய கிடங்குக்கும் இதற்கும் பொருளில் ஒற்றுமை கிடையாது, வேலையில் உண்டு. கடைசியில் இதை வண்டி நிறுத்துமிடமாகப் பயன்படுத்தினார்கள். மூட்டை அடுக்கக் கட்டிய தளம் காரின் எடையைத் தாராளமாகத் தாங்கியது.

கிடங்குகள் ஏன் காலியாயின

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பா–இந்தியா வழியில் போர்ட் லூயியைத் தொட வேண்டிய தேவை குறைந்தது. ஆனாலும் சர்க்கரை இருந்தவரை கிடங்கும் இருந்தது. அதை முடித்துவைத்தது 1980-இல் திறந்த மொத்தச் சர்க்கரை முனையம். தலா 175,000 டன் கொள்ளும் இரண்டு கொட்டகைகள். சர்க்கரை சாக்கில்லாமல் குவியலாக வந்து, ஓடும் பட்டையில் ஏறி, நேரே கப்பல் வயிற்றுக்குள் விழும். வாரக்கணக்கில் நடந்த ஏற்றுமதி ஓரிரு நாளில் முடிந்தது. சாக்குத் தைப்பவர், மூட்டை தூக்குபவர், தட்டைப்படகு ஓட்டுபவர் என்று ஒரு துறைமுகத் தொழிலாளர் கூட்டமே வேலை இழந்தது. 1970களில் துறைமுக வேலைநிறுத்தங்கள் அவ்வளவு கடுமையாக நடந்ததற்கு இதுவும் ஒரு பின்னணி.

காலியான நிலத்தில் ஒரு பகுதி 1996-இல் கோடான் வணிக வளாகமாக மாறியது. கையில் மொரீஷியஸின் ஐம்பது ரூபாய் நோட்டு இருந்தால் திருப்பிப் பாருங்கள், அந்த வளாகம்தான். அழகான இடம், குடும்பத்தோடு போகலாம். ஆனால் அங்கே நின்றுகொண்டு மூட்டை எந்தப் பக்கம் வந்தது, எந்தப் பக்கம் போனது என்று கேட்டால் கட்டடம் பதில் சொல்லாது. துரூ ஃபான்ஃபரோன் பக்கம் இன்னும் சொல்கிறது.

வளையம் எதைக் காக்கிறது

1860களில் இருந்த டிப்போவில் பாதிக்கும் குறைவான பகுதிதான் மிஞ்சியிருக்கிறது. சாலைக்கும் மற்ற வேலைகளுக்கும் மீதி போய்விட்டது. மிஞ்சியதை மட்டும் வேலிக்குள் வைத்தால் பார்ப்பவருக்குக் கிடைப்பது சில குட்டைச் சுவர்களும் படிக்கட்டும். கப்பல் நடுவில் ஏன் நின்றது, படி ஏன் தாழ்ந்திருக்கிறது, ஆட்கள் எந்தச் சரக்குக்காக வரவழைக்கப்பட்டார்கள் என்பதைச் சொல்பவை சுற்றியுள்ள கட்டடங்கள். டிப்போவை ஒட்டிய பழைய கிடங்கிலேயே 2014 முதல் விளக்க மையம் இயங்குவதும் இதனால்தான்.

நடைமுறையில் வளையம் என்றால் மூன்று விஷயம்:

1. வளையத்துக்குள் உள்ள கட்டடம் உலக மரபுச் சின்னம் அல்ல. உரிமையாளர் விற்கலாம், வாடகைக்கு விடலாம், தொழில் செய்யலாம்.

2. இடிப்பது, உயர்த்துவது, முகப்பை மாற்றுவது ஆகியவற்றுக்குக் கூடுதல் பரிசீலனை உண்டு. 2011-இல் அரசு இதற்கென்றே தனித் திட்டமிடல் வழிகாட்டி வெளியிட்டது. மரபுச் சின்னத்துக்கும் துறைமுகத்துக்கும் உள்ள பார்வைத் தொடர்பு மறைகிறதா, தெருவின் உயர அளவு கெடுகிறதா என்பவை அங்கே முக்கியக் கேள்விகள்.

3. பெரிய திட்டங்களை யுனெஸ்கோவுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

மீறினால் என்ன ஆகும் என்பதற்குத் துறைமுகக் கிடங்கு உலகத்திலேயே உதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் லிவர்பூல் 2004-இல் தன் வணிகத் துறைமுகப் பகுதிக்காகப் பட்டியலில் சேர்ந்தது. கரையோரத்தில் உயரக் கட்டடத் திட்டங்களும், பழைய கப்பல் மடு ஒன்றில் கால்பந்து மைதானமும் வந்ததைக் காரணம் காட்டி 2021-இல் நீக்கப்பட்டது. அங்கே கிடங்குகள் இடிந்துவிடவில்லை. சூழல் போய்விட்டது என்பதுதான் தீர்ப்பு. அந்த ஊருக்கு அதன் பிறகும் வேறு வருமானம், வேறு அடையாளம் இருந்தது. மொரீஷியஸுக்குப் பட்டியலில் இருப்பதே இரண்டு இடம். மற்றொன்று 2008-இல் சேர்ந்த லெ மோர்ன் மலை.

கடைக்காரரின் சுவருக்கு வருவோம்

கூரைத் தகரத்தைவிட அதிகமான சேதம் சத்தமில்லாமல் நடப்பது சுவர்ப் பூச்சில். பழைய சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுத்து, மேற்பரப்பு வழியாக வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. கடலோரம் என்பதால் ஈரத்தில் உப்பும் இருக்கிறது. பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகி, உள்ளேயுள்ள சுண்ணாம்புக் காரையைப் பொடியாக்கும். வெளியில் பார்க்கச் சுவர் புத்தம்புதிதாக இருக்கும்; ஒரு நாள் பூச்சு கல்லோடு பெயர்ந்து வரும். ஆப்ரவாசி காட்டிலேயே முன்பு போட்டிருந்த சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

ஆகவே விண்ணப்பத்தில் பூச்சுக்கு என்ன கலவை என்று கேட்டால், அது அதிகாரியின் பிடிவாதம் மட்டும் அல்ல. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இப்போது எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் சிமெண்டைவிட நாளும் கூலியும் அதிகம். அந்தக் கூடுதல் செலவில் எவ்வளவை உரிமையாளர் ஏற்பது, எவ்வளவை அரசு ஏற்பது என்பதுதான் இந்த வளையத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி.